ஐந்திலேயே நின்ற வலி

மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். நான்கு வருடம் கழித்துக் கிடைத்த முதல் வேலை, அம்பத்தூரில் கைக்கென்று மட்டும் இருக்கும் ஒரு சிறிய பிசியோதெரபி மையத்துக்கு ஒரு ஃபார்ம் செய்துகொடுப்பது. எஸ்டேட் என்று அங்கே சொல்லும் தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷினிலும் லேத்திலும் கையில் அடிபட்டவர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள். அறுவை சிகிச்சை முடிந்து, கட்டுப் பிரித்து, விரல்களை மறுபடி மடக்கப் பழகுகிறவர்கள். அவர்களுக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு செல்போனில் ஒரு லிங்க் போகும். அதைத் தொட்டால் மூன்று கேள்விகள் வரும். இன்று வலி எவ்வளவு? நேற்று பயிற்சி எத்தனை முறை செய்தீர்கள்? வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கும் எளிதாகத்தான் தோன்றியது. அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில், ஏரிப் பக்கம் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மேஜையைப் போட்டுக்கொண்டு, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் மூன்று மணி வரை நேரம் என்னுடையது. இரண்டு கேள்விகளை ஒரே நாளில் முடித்துவிட்டேன். வலிக் கேள்விக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது, அதை அழகாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டதால்.

ஒரு கோடு. அதன்மேல் ஒரு வட்டம். வட்டத்தை இடது ஓரத்துக்குத் தள்ளினால் பூஜ்யம், வலது ஓரத்துக்குத் தள்ளினால் பத்து. வட்டத்துக்குள் ஒரு முகம் வரைந்தேன். பூஜ்யத்தில் பச்சையாகச் சிரிக்கும். தள்ளத் தள்ள வாய் நேராகும், பிறகு கீழே வளையும், பத்தில் சிவந்துபோய் இரண்டு சொட்டுக் கண்ணீர் விடும். ஃபார்ம் திறக்கும்போது வட்டம் நடுவில், ஐந்தில் நிற்கும், சிரிக்காமலும் அழாமலும். இரண்டு பக்கமும் கோடு சமமாக இருப்பது பார்க்க நன்றாக இருந்தது. அதற்கு மேல் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

லேப்டாப்பில் மவுஸால் இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. என் போனில் பார்த்தேன், கணவரின் போனில் பார்த்தேன். மையத்தை நடத்தும் பெண் பிசியோதெரபிஸ்ட்டுக்கு அனுப்பினேன். என் வயதுதான் அவருக்கும் இருக்கும், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுகிறவர். "ஐயோ, அந்த மூஞ்சி சூப்பருங்க. எங்க பேஷண்டுங்க சும்மாவாவது இழுத்துப் பாப்பாங்க" என்று குரல்பதிவு அனுப்பினார். நான்கு வருடமாக யாரும் என் வேலையைப் பாராட்டியிருக்கவில்லை. அந்தக் குரல்பதிவை இரண்டு மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"ஒருத்தருக்கு தினமும் அஞ்சேதான் வருதுங்க. முதல் நாள்லேர்ந்து அஞ்சு. பவர் பிரஸ்ல கை மாட்டினவர். ரெண்டு விரலுக்குத் தசைநார் தைச்சிருக்கு. அவ்ளோ பெரிய ஆபரேஷனுக்கப்புறம் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், அதுதான் கணக்கு. இப்படி ஒரே இடத்துல நிக்காது."

"படிக்காம அப்படியே அனுப்பறாரோ என்னவோ" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். கேட்டேன். ஃபார்ம்ல அதான் வருதுங்கறாரு."

"என்ன போன் வெச்சிருக்கார்?"

முதலில் என் வாயில் வந்தது அந்தக் கேள்விதான். போன் பழசாக இருக்கும், குறை அதில் இருக்கும். பிசியோதெரபிஸ்ட், "புதன்கிழமை வரார். நீங்களே வந்து பாருங்களேன்" என்றார்.

புதன்கிழமை போனேன். எனக்கு எதிரே ஒரு மேஜைக்கு அப்பால் அந்த நோயாளி உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது கையில் முழங்கைக்குக் கீழிருந்து விரல் நுனிவரை ஸ்ப்ளின்ட், கை அசையாமல் பிடித்துவைக்கும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் அச்சு. சட்டைப் பையிலிருந்து இடது கையால் போனை எடுத்து மேஜையில் வைத்தார். அது ஒன்றும் அவ்வளவு பழைய போன் இல்லை. லிங்கைத் திறந்து, இடது கை ஆள்காட்டி விரலால் வட்டத்தை இழுத்தார். ஏழுக்குப் போனது, மூன்றுக்கு வந்தது, மறுபடி ஏழுக்குப் போனது.

"வேலை செய்யுதேண்ணா" என்றேன்.

அவர் போனையே பார்த்தார். முகத்தில் ஒரு வெட்கம் தெரிந்தது. "ஊட்ல வரமாட்டேங்குது மேடம். சத்தியமா. இங்க போவுது, ஊட்ல போவல."

எனக்கு உள்ளூர எரிச்சல்தான் வந்தது. இந்த வேலையில் மிகவும் அலுப்பூட்டும் புகார் அது, நம் கண்முன்னால் நடக்காத கோளாறு. சிக்னல் இருக்காது, பக்கம் பாதி இறங்கி நின்றிருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். வாசல் வரை வந்த பிசியோதெரபிஸ்ட், "அவர் பொய் சொல்ற ஆள் இல்லைங்க. வலிக்குதான்னு கேட்டா மட்டும்தான் பொய் சொல்வாரு" என்று சொல்லிச் சிரித்தார். "அவர் மட்டும் இல்ல. வாயால கேட்டா யாருமே சரியா சொல்றதில்ல. அதுக்குத்தானே ஃபார்மே கேட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆவடி தாண்டி வெள்ளானூரில் அவர் வீட்டுக்கே போனேன். பிளாட் போட்டு மஞ்சள் கல் நட்ட இடங்களுக்கு நடுவே ஒரு துண்டு நிலத்தில் வெண்டை போட்டிருந்தார்கள். அதை ஒட்டி ஓட்டு வீடு. அவர்கள் குடும்பம் அந்த ஊரிலேயே இருந்து பயிர் வைத்த குடும்பம். அப்பா காலத்திலேயே நிலத்தில் பெரும்பகுதி போய்விட்டது என்றும், தான் இருபது வயதில் எஸ்டேட்டுக்குப் போனதாகவும் பிறகொரு நாள் சொன்னார்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. பட்டாபிராம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, வாரத்தில் ஆறு நாள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். "வாங்கம்மா. இந்த வெயில்ல வண்டி ஓட்டிகினு வந்துகீறீங்களே" என்று ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு டீ போட உள்ளே போனார்.

அந்த அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். வலது கை இரண்டு தலையணை மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. வீக்கம் இறங்க அப்படித்தான் வைத்திருக்க வேண்டும், எழுந்து உட்கார்ந்தால்கூட கையைத் தொங்கவிடக் கூடாது. எழுந்திருக்கப் போனவரை வேண்டாம் என்று தடுத்தேன்.

"காலைல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணிக் காட்டுங்கண்ணா."

மல்லாந்து படுத்தபடியே போனை இடது கையில் எடுத்தார். சுண்டுவிரல் மேல் போனின் அடிப்பாகத்தை நிறுத்தி, மற்ற மூன்று விரலால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மிச்சம் இருந்தது கட்டைவிரல். அந்தக் கட்டைவிரலை நீட்டி வட்டத்தை வலது பக்கம் தள்ளினார்.

வட்டம் ஆறுக்குப் போனது. அதோடு மொத்தப் பக்கமும் லேசாக மேலே நகர்ந்தது. வட்டம் துள்ளி ஐந்துக்கே வந்து நின்றது.

"பாத்தீங்களா மேடம். போவுது, போவுது... வந்துடுச்சி." மறுபடி தள்ளினார். "தோ, போவுது... வந்துடுச்சி." ஏழெட்டுத் தடவை காட்டினார். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. மூடாத ஒரு கதவை எப்படி மூட முடியவில்லை என்று விருந்தாளிக்குக் காட்டுவதுபோல் பொறுமையாகக் காட்டினார்.

என்ன நடக்கிறது என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. போனை ஒரே கையில் பிடித்துக்கொண்டு அதே கையின் கட்டைவிரலால் இழுத்தால் விரல் நேர்கோட்டில் போகாது. அடியில் இருக்கிற மூட்டைச் சுற்றி வில் மாதிரி வளைந்துதான் போகும். விரல் கொஞ்சம் மேலேயும் போவதைப் பார்த்த பிரவுசர், இவர் பக்கத்தைத்தான் நகர்த்தப் பார்க்கிறார் என்று முடிவுசெய்து, அந்தத் தொடுதலை என் வட்டத்திடமிருந்து பிடுங்கிக்கொண்டது. அப்படிப் பிடுங்கிக்கொண்டால் வட்டம் என்ன செய்ய வேண்டும் என்று நான்தான் எழுதியிருந்தேன். தொடங்கிய இடத்துக்கே திரும்பு. கை தவறிப் பட்டுத் தப்பான எண் பதிவாகிவிடக் கூடாது என்கிற அக்கறையில் எழுதிய ஒற்றை வரி அது. அந்த வரிதான் இந்த மனிதரை மூன்று வாரமாக ஒவ்வொரு காலையும் ஐந்துக்கே இழுத்துக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

நான் என் போனில் பார்த்தபோது ஒரு கையில் பிடித்து மறு கை விரலால் இழுத்தேன். கணவரும் அப்படித்தான். கை அடிபட்டவர்களுக்காக ஒன்றைச் செய்துவிட்டு, இரண்டு கையால் சோதித்திருக்கிறேன்.

"வரலைன்னா அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா."

"இல்ல மேடம்." கொஞ்சம் தயங்கினார். "டாக்டரம்மாதான் எனக்கு அஞ்சுன்னு வெச்சிகீறாங்க போலன்னு நெனச்சிகினேன். இந்த ஆப்ரேசனுக்கு அஞ்சு வலிதான் இருக்கணும், அதுக்கு மேல போவக் கூடாதுன்னு. மேல தள்ளனா அதுவே கொண்ணாந்து உட்டுடுது இல்ல? அத்தொட்டு, சரி, நமக்கு அஞ்சுதான்னு அனுப்பிட்டேன்."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நிஜத்துல எவ்வளவுண்ணா இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. "அப்பறம் சொல்றேன் மேடம்" என்றார்.

டீயோடு வந்த அவர் மனைவி சந்தோஷமாகத்தான் பேசினார். "நான் வேலையிலேர்ந்து தினம் போன் பண்ணிக் கேப்பேன்மா. இன்னிக்கி எவ்ளோ போட்டன்னு. அஞ்சும்பாரு. நேத்தும் அஞ்சு, இன்னிக்கும் அஞ்சு. ஏறாம கீதே, அதுவே போதும்னு கீறேன்."

அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை. தெருமுனைக்கு வந்ததும் வண்டியை ஓரங்கட்டி பிசியோதெரபிஸ்ட்டைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார். மனைவி பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். "பரவால்ல டாக்டர், கொஞ்சம் கீது" என்ற பதில்தான் வந்ததாம். மறுநாளே வரச் சொன்னதற்கு, புதன்கிழமை முறை இருக்கிறதே, அன்றைக்கே வருகிறேன் என்றாராம்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அந்த வட்டத்தோடு மல்லுக்கட்டினேன். விரல் வட்டத்தின் மேல் இருக்கும்வரை பக்கம் நகரக் கூடாது என்று பிரவுசருக்குச் சொல்ல ஒரு வரி போதும். அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினேன். திரும்பிப்போகச் சொன்ன வரியை அழித்தேன். பிறகு துப்பட்டாவால் என் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சோபாவில் மல்லாந்து படுத்து, இடது கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தேன். சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்ட கணவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று பதறிப்போனார். விளக்கம் சொன்னதும் அவரும் ஒரு துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு எதிர் சோபாவில் படுத்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு போனோடு கிடந்தோம். வட்டம் எங்கள் கட்டைவிரலுக்குப் பணிந்து போனது.

புதன்கிழமை மதியம் மையத்தில் அண்ணனைப் பயிற்சிக் கட்டிலில் படுக்கச் சொல்லி, கைக்குத் தலையணை வைத்து, போனைக் கொடுத்தேன். வட்டம் துள்ளித் திரும்பவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. அவர் எங்கோ நிறுத்தப் பார்க்கிறார், கட்டைவிரலை எடுக்கும்போது அது ஒரு நூல் நகர்ந்து பக்கத்து எண்ணுக்குப் போய்விடுகிறது. இருபத்தைந்து வருடம் இரும்புத் தகடு தள்ளிய விரல் அது. நுனி அகலம், தோல் தடிப்பு. என் வட்டம் அந்த விரலுக்குக் கீழே முழுசாக மறைந்துபோனது. முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்று அவருக்குத் தெரியவே இல்லை.

"விடுங்க மேடம். அஞ்சே இருக்கட்டும்" என்றார்.

அதைக் கேட்டபோதுதான் என் பிடிவாதம் விட்டுப்போனது. "ஒரு ஒன்றரை மணி நேரம் இருப்பீங்களாண்ணா?" என்று கேட்டேன். அவர் மனைவி ஷிஃப்ட் முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போவார், அதுவரை இருப்பேன் என்றார். வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கோட்டையும் வட்டத்தையும் முகத்தையும் மொத்தமாக எடுத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த முகம். அழிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய்.

அதற்குப் பதிலாகப் பதினோரு பட்டன்கள். பூஜ்யம் முதல் பத்து வரை, ஒவ்வொன்றும் அவர் கட்டைவிரலை விடப் பெரியது, தப்பிப் பக்கத்தில் படாமலிருக்க நடுவில் நல்ல இடைவெளி. இழுக்க வேண்டாம், தள்ள வேண்டாம், தொட்டால் போதும். திரையின் மேல் பாதிக்குக் கட்டைவிரல் எட்டாது என்பதால் எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். எந்தக் கையில் போன் பிடிக்கிறீர்கள் என்று முதல் நாள் ஒருமுறை கேட்டு, அந்தப் பக்கமாக ஒதுங்கி நிற்கும்படி வைத்தேன். முக்கியமாக, ஃபார்ம் திறக்கும்போது எந்த எண்ணும் தேர்வாகி இருக்காது. அவர்களாகத் தொடும்வரை வலி இவ்வளவு என்று யாரும் அவர்களுக்காகச் சொல்லிவைக்கக் கூடாது. பார்க்க அழகாக இல்லை. ரேஷன் கடைப் பலகை மாதிரி இருந்தது.

நான் முடிக்கவும் அவர் மனைவி கேன்டீன் சீருடையிலேயே வேர்த்துப்போய் உள்ளே வரவும் சரியாக இருந்தது. பிசியோதெரபிஸ்ட்டும் கட்டிலுக்கு அருகில் வந்து நின்றார். அண்ணன் போனை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் கொஞ்ச நேரம் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு எட்டைத் தொட்டார்.

எட்டு கறுத்து நின்றது. திரும்பிப் போகவில்லை.

"இன்னா இது, எட்டு?" என்றார் மனைவி.

"சொம்மா அமுத்திப் பாத்தேன்."

"நிஜமா சொல்லுங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "பகல்ல எட்டு. படுத்தா ஒம்போது" என்றார்.

அவர் மனைவி கைப்பையைத் தரையில் வைத்தார். "நான் பக்கத்துலயேதானே படுத்துகினு கீறேன்" என்றார். சத்தமே இல்லாமல் கேட்டார், அவரிடம் கேட்டதா தனக்குத்தானே கேட்டுக்கொண்டதா என்று தெரியவில்லை. "இத்தினி நாளா ஒம்போதா? நான் தூங்கிகினு இருந்தேனே."

"விடியக்காலைல எய்ந்து போற. உன்னிய இன்னாத்துக்கு எய்ப்பணும்?"

"அஞ்சுன்னியே. தெனம் அஞ்சு அஞ்சுன்னியே."

"அயுவாத. ஃபார்ம்ல அஞ்சுதான் வந்துச்சி, அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

அவர் அதைச் சொன்ன விதத்தில் அழுதுகொண்டிருந்த அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டா முனையால் தன் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே முனையால் அவர் நெற்றியைத் துடைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தப்பு என்னோடதுண்ணா" என்றேன். "நான் சரியாப் பண்ணல."

"ஐய, நீங்க இன்னா மேடம். ஊடு வரைக்கும் வந்து பாத்தீங்களே" என்றார். அந்தப் பதில் என்னை மன்னித்ததா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. அவரைப் பொறுத்தவரை மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட் அன்றே ஸ்ப்ளின்ட்டைக் கழற்றிப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே அதன் ஓரம் அழுத்தி, தோல் சிவந்து தடித்திருந்தது. அங்கே தொட்டபோது அண்ணன் துடித்துப்போனார். நரம்பு ஒன்று அதற்கடியில் மாட்டியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, கையோடு ஒரு கடிதம் எழுதி அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடமே அனுப்பினார். ஸ்ப்ளின்ட்டை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் எட்டு ஆறானது. ஒரு நாள் மறுபடி ஏழு. பிறகு ஐந்து வந்தது. அதைப் பார்த்ததும் பிசியோதெரபிஸ்ட் எனக்குப் போன் செய்து, "இது நிஜ அஞ்சுங்க, பட்டன்ல வந்த அஞ்சு" என்றார்.

ஆனால் அதற்கு முன் நாங்கள் இன்னொரு வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் வேறு யார் யாருக்கு ஐந்து வந்திருக்கிறது என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொருவருக்கும் பிசியோதெரபிஸ்ட் போன் செய்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். சிலருக்கு உண்மையிலேயே ஐந்துதான். சிலருக்கு இல்லை. பூந்தமல்லியிலிருந்து வரும் ஒரு அம்மா, வீட்டிலேயே பர்தாவுக்குக் கல் வேலை செய்கிறவர், ஸ்பீக்கரில் சொன்னார்: "எனக்கு வலி ரெண்டுதான்மா. அந்த மூஞ்சியத் தள்ளவே முடியல. சிரிக்கவும் மாட்டேங்குது, அழவும் மாட்டேங்குது. நீங்க பயந்துக்கப் போறீங்களேன்னு இருந்துச்சி." பிசியோதெரபிஸ்ட் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் மையத்துக்குப் போவது வழக்கமானது. அண்ணன் பயிற்சி முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் மாற்றியதையெல்லாம் அவரிடம் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்வேன். "இத்த தொட்டா வருது. இத்த ரெண்டு தபா அமுத்த வேண்டிகீது." பயிற்சி எத்தனை முறை என்று கேட்கும் இடத்தில் நீளமாக விரியும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "மூணு தபாதான் பண்ணச் சொல்லிகீறாங்க, இருவது வரைக்கும் இன்னாத்துக்கு மேடம்?" என்றார். நியாயமான கேள்வி. அதுவும் நான்கு பட்டனாக மாறியது.

மூன்றாவது கேள்விக்கான எழுதும் கட்டத்தை அதுவரை யாருமே நிரப்பியதில்லை. சொல்ல ஒன்றும் இருக்காது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் திறந்து காட்டியபோதுதான் பார்த்தேன். கட்டத்தைத் தொட்டதும் கீபோர்டு எழும்பி, எழுதும் கட்டத்தையே மூடிக்கொண்டது. என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் எவர் எழுதுவார்? அதையும் கீபோர்டுக்கு மேலே தெரியும்படி செய்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். சில போன்களில் எழுத்து சிறிதாக இருந்தால் கட்டத்தைத் தொட்டதும் பக்கமே பெரிதாகி ஒரு பக்கம் ஒதுங்கிப் போய்விடும், அதுவும் சரியானது.

மறுநாள் காலையிலேயே அந்தக் கட்டத்தில் எழுத்து வர ஆரம்பித்தது. நோயாளிகள் எழுதுவதை நான் படிக்கக் கூடாது. ஆனால் அண்ணன் எழுதுவதை மட்டும், "மேடமும் பாக்கட்டும், அவங்க செஞ்சதுதானே" என்று அவரே சொல்லிவிட்டதால், பிசியோதெரபிஸ்ட் எனக்குப் படித்துக் காட்டுவார். 'டம்ளர் புடிச்சேன், தண்ணி இல்லாம.' 'டம்ளர் புடிச்சேன், அர டம்ளர் தண்ணி.' 'பஸ்ல கம்பிய இந்தக் கையால புடிச்சேன், பொண்டாட்டி திட்டுனா.' 'சட்டை பட்டன் ரெண்டு நானே போட்டேன். மூணாவது அவ போட்டா.' ஒரு நாள் வலி மூன்று, எழுத்தில் 'வெண்டக்கா பறிச்சேன்' என்று மட்டும் இருந்தது. பறிக்க அனுமதி தந்தது யார் என்று பிசியோதெரபிஸ்ட் அவரிடம் சண்டை போட்டதை நான் நேரில் பார்த்தேன்.

அந்தக் கை முழுசாக மூடவில்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையைத் தொடாமல் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டன. பிரஸ்ஸுக்குத் திரும்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே கம்பெனியில் முடிந்த பொருளைச் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் போட்டார்கள். வேலைக்குப் போன முதல் நாள் அவர் எதுவும் எழுதவில்லை, வலி நான்கு என்று மட்டும் வந்தது. பிசியோதெரபிஸ்ட் கவலைப்பட்டுப் போன் செய்தபோது, "பழைய மிஷின பாத்தேன் டாக்டர். வேற ஆளு ஓட்டிகினு இருந்தான். அதான்" என்றாராம். அதைச் சொல்ல எந்த ஃபார்மிலும் இடம் வைக்க முடியாது என்று பிசியோதெரபிஸ்ட் என்னிடம் சொன்னபோது நான் தலையாட்டினேன்.

சிகிச்சை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்ட நாளில் நானும் இருந்தேன். அக்காவும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஸ்வீட் பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது அண்ணன் தயங்கி நின்றார்.

"அப்போ நாளைலேர்ந்து லிங்கு வராதா?"

"வராது. இனிமே நீங்க எங்க பேஷண்ட் இல்ல" என்று சிரித்தார் பிசியோதெரபிஸ்ட்.

"சரி சரி." செருப்பை மாட்டப் போனவர் மறுபடி நின்றார். "இல்ல, ஏழு மணிக்குள்ள இவ வேலைக்குப் பூடுவா. ஊட்ல யாரும் இருக்க மாட்டாங்க. அது வந்து எவ்ளோ வலிக்குதுன்னு கேக்கும். நல்லாகீதுன்னு தோணும்."

அக்கா அவரைப் பார்த்தார். "நான் போன் பண்ணுவனே. நான் கேக்க மாட்டனா?"

"நீ கேட்டா நான் இன்னா சொல்வேன்னுதான் உனக்கே தெரியுமே."

பிசியோதெரபிஸ்ட் என் பக்கம் திரும்பினார். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் லிங்க் போகும்படி ஒரு வசதி ஏற்கெனவே இருந்தது, ஆறு மாதத் தொடர் கவனிப்புக்காக வைத்தது, யாருக்கும் பயன்படுத்தியதில்லை. அங்கேயே லேப்டாப்பைத் திறந்து அண்ணன் எண்ணுக்கு அதைப் போட்டுவிட்டேன்.

அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் அவருடைய பதில் வந்தது. பெரும்பாலும் ஒன்று, சில சமயம் பூஜ்யம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு காலையில் பிசியோதெரபிஸ்ட் கூப்பிட்டார். "உங்க அண்ணன் என்ன எழுதியிருக்கார் தெரியுமா?" என்று படித்தார். வலி நான்கு. 'குளிருக்கு நல்லா வலிச்சுது. ராத்திரி அவள எய்ப்பிச் சொன்னேன். எண்ண சூடு பண்ணி தேச்சி உட்டா.'

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். பிறகு, "சரி, இன்னொரு விஷயம்" என்றார். சென்னீர்குப்பத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒருவருக்குப் பிறந்த தேதியைத் தேர்ந்தெடுக்க முடியவில்லையாம், மாதம் மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போய் நடுவிலேயே விட்டுவிட்டாராம். "எந்தக் கைல போன் பிடிக்கறார்?" என்று கேட்டபடி நான் லேப்டாப்பைத் திறந்தேன்.